இறங்கியவர் இருக்க ஒரு கதிரை

ஓர் அரசரை இறக்கிய கூட்டத்தில் நின்ற மனிதர்தான் எனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். அது எனக்கு மூன்றாவது பாடத்தில்தான் தெரியவந்தது. அதுவரை அவரைப் பற்றி நான் அறிந்தது கொஞ்சம். நேபாளத்தவர். ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருந்தார். யாழ்ப்பாணத் தமிழ் பேசினார்.

கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் குசினியில் சில வருடங்கள் சமையல் வேலை செய்தவர். தமிழ் அங்கே படித்தது. பிறகு கார் பழக்கத் தொடங்கியபோது படிக்க வந்தவர்களும் தமிழர்களே. குசினிச் சொற்கள் அவரோடு காருக்குள்ளும் வந்தன. "பிரேக்கை உப்புப் போடுற மாதிரிப் போடுங்கோ. கூடினால் எடுக்கேலாது," என்பார். நான் ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டினால், "கிளறாதேங்கோ அண்ணை, உது புட்டு இல்லை." எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைத்தார். பத்து வயதுப் பிள்ளையும் 'நீங்கள்' தான், பக்கத்து வீட்டு நாயும் 'நீங்கள்' தான். கட்டடத்தில் எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றார்கள். இங்கேயும் அவர் மாஸ்ரராகவே இருக்கட்டும்.

சில நாட்களில் இரண்டு மாணவர்களை ஒன்றாக ஏற்றுவார். ஒருவர் ஓட்ட மற்றவர் பின்னால் இருந்து பார்ப்பார். பாதிப் பாடத்தில் இடம் மாறவேண்டும். அதில் அவருக்கு ஒரு விதி இருந்தது. ஓட்டி முடித்தவர் பின்சீற்றில் ஏறி, பெல்ற் போட்டு, கதவைச் சாத்திய பிறகுதான் அடுத்தவர் முன்னால் ஏறலாம். பனிக்காலத்தில் இது பெரிய தொல்லை. வெளியே கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கவேண்டும். ஒருநாள் நான் முணுமுணுத்தேன்.

"இறங்கினவர் றோட்டிலை நிண்டால் நீங்கள் அவரைத்தான் பாப்பியள் அண்ணை. றோட்டைப் பாக்கமாட்டியள்," என்றார்.

ஓட்டுநர் சோதனையில் தோற்றவர்களையும் அவர் நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் விடமாட்டார். கோப்பிக் கடையில் இருத்தி, ஒரு டோனற் வாங்கிக் கொடுத்து, தோற்றவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பார். நான் முதல் தடவை தோற்றபோது இரண்டு டோனற் தின்றேன்.

நான் அப்போது ஓர் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாடத்தில், மேல்வாய்ப் பொய்ப்பற்களை நாக்கால் முன்னே தள்ளி உள்ளே இழுக்கும் அவருடைய பழக்கத்தைக் கவனித்து, பல் எப்படிப் போனது என்று கேட்டேன். அரசருடைய பொலிஸ் அடித்தது என்றார். அதற்குப் பிறகு பாடங்களுக்கு இடையில் கேள்விகள் கேட்பது எனக்கு வழக்கமாயிற்று. வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் பதில் சொல்லமாட்டார்.

காத்மண்டுவில் அவர் பயணிகளை ஏற்றும் ஒரு சிறிய வான் ஓட்டியவர். அரசர் மந்திரிகளைக் கலைத்து ஆட்சி முழுவதையும் தன் கைக்குள் எடுத்தபோது அவருக்கு அதில் பெரிய கோபம் இருக்கவில்லை. மந்திரிகள் மீதும் மதிப்பு இருக்கவில்லை. ரெலிபோன் வேலை செய்யாமல் போனது. தணிக்கையால் பத்திரிகைகளில் வெள்ளை இடங்கள் வந்தன. அடுத்த வருட வசந்தத்தில் கட்சிகள் ஊர்வலம் அறிவித்தன, அரசர் ஊரடங்கு அறிவித்தார். வானை ஓட்ட முடியாததால் அவர் நடந்தார். நகரத்தைச் சுற்றிப் போகும் பெருந்தெருவில் தையற்காரர், வைத்தியர், வக்கீல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் நடந்தார்கள். பொல்லடி விழுந்தது. துவக்குச் சூடும் விழுந்தது. அவருக்குப் பல் போன தெருவிலேயே வேறு ஒருவருக்கு உயிர் போனது. அதை அவர் ஒரு தடவைதான் சொன்னார்.

"ராசா முதல் ரீவியிலை வந்து, சரி, ஒரு பிரதமரைச் சொல்லுங்கோ, நான் வைக்கிறன் எண்டார்," என்று அவர் சொன்ன இடத்தில் நான் குறிப்பு எடுக்க விரும்பினேன். என் இரண்டு கைகளும் ஸ்ரியரிங்கில் இருந்தன. "வெளிநாட்டுக்காரர் எல்லாம் நல்லது எண்டிச்சினம். நாங்கள் வீட்டை போகேல்லை. பிரதமரை வைக்கிறது ராசான்ரை வேலையா இருந்தால் எடுக்கிறதும் அவற்றை வேலைதானே? இன்னும் சில நாள் நடந்தனாங்கள். பிறகு பாராளுமன்றத்தைத் திருப்பித் தந்தார்."

பாராளுமன்றம் முதலில் அரசரிடமிருந்து படையை எடுத்தது. பிறகு அவருடைய அதிகாரங்களை ஒவ்வொன்றாக எடுத்தது. அரசியலமைப்பு எழுத மக்கள் ஒரு சபையைத் தெரிவு செய்தார்கள். அந்தச் சபை தன் முதல் கூட்டத்திலேயே முடியாட்சியை முடித்துவைத்து, அரண்மனையை விட்டுப்போக அரசருக்கு அவகாசம் கொடுத்தது.

"நீங்கள் அரசரை நேரில் பார்த்தீர்களா?"

"அவர் அரண்மனையை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு வாசலிலை நிண்டனான். அவரை எங்கை கண்டது? ஒரு கார் போச்சுது. அவ்வளவுதான். ஆக்கள் கூவிச்சினம். ஆருக்கும் ஒண்டும் நடக்கேல்லை." பல்லைத் தள்ளி இழுத்தார். "ஒண்டும் நடக்கேல்லை எண்டதைப் பாக்கத்தான் போனனான் அண்ணை."

அந்த அரசருக்கு நகருக்கு வெளியே இருக்க ஒரு வீடு கொடுத்தார்கள். அவர் நாட்டிலேயே இருக்கிறார். கோயில்களுக்கு வருகிறார். அரண்மனை அருங்காட்சியகமாயிற்று. மாஸ்ரர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போயிருக்கிறார். அங்கே எது மனதில் நின்றது என்று கேட்டேன். "கட்டில்," என்றார். "நான் நினைச்ச அளவு பெரிசில்லை."

இனி எங்கள் கட்டடத்தின் கதை.

அங்கே ஒரு வாடகைக் குடியிருப்பாளர் சங்கம் இருந்தது. குடியிருந்தவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். எங்கள் சங்கங்கள் எல்லாவற்றிலும் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. வருடாந்தக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும், பின்வரிசையில் இருந்து யாராவது எழுந்து, "பழைய நிர்வாகமே தொடரட்டும்," என்பார். கை தட்டுவார்கள். ரோல்ஸும் தேத்தண்ணியும் வரும். இப்படியே ஒருவர் பன்னிரண்டு வருடங்கள் தலைவராக இருந்தார்.

அவர் கெட்டவர் அல்ல. முன்னொரு பனிக்காலத்தில் வெப்பம் நின்றபோது, கட்டடச் சொந்தக்காரரின் அலுவலகமான நிர்வாகக் கந்தோரின் வாசலில் போர்வையோடு போய் இருந்து வெப்பத்தைத் திருப்பி வாங்கியவர். யாருடைய செத்தவீடு என்றாலும் முன்னுக்கு நிற்பார். அதனால் அவரை எதிர்த்துக் கை தூக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் காலப்போக்கில் கந்தோரோடு அவருக்கு நல்ல உறவு ஏற்பட்டது. அந்த உறவைக் காப்பாற்றுவதே சங்கத்தின் வேலையாகிவிட்டது.

அந்த வருடம் இரண்டு எலிவேற்றர்களில் ஒன்று மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. மற்றது நினைத்தால் ஓடும். தலைவரிடம் முறையிட்டால், "நான் ஒஃபிசோடை கதைச்சிட்டன், கொஞ்சம் பொறுங்கோ," என்பார். மாநகரசபைக்கு முறைப்பாடு எழுதுவோம் என்றால், "அது முகத்தை முறிக்கிற வேலை," என்பார். அவருடைய வீடு இரண்டாம் மாடியில்.

பூமணி அன்ரி பதினான்காம் மாடியில் இருந்தார். கிழமைக்கு மூன்று தடவை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டியவர். அவரைக் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் மாஸ்ரர்தான். நகருக்கு வெளியே ஸ்ரௌவ்விலில் மகன் புது வீடு வாங்கியிருந்தான், வந்து இரு என்று கேட்டுக்கொண்டிருந்தான். "அங்கை போனால் நான் வெளிக்கிட ஆற்றையேன் கார் வருமட்டும் பாத்துக்கொண்டு இருக்கவேணும். இஞ்சை கீழை இறங்கினால் கடை, கோயில், பஸ்," என்பார் அன்ரி. கீழே இறங்குவதுதான் பிரச்சினை. சுத்திகரிப்புக்குப் போகவேண்டிய ஒரு காலை எலிவேற்றர் நின்றது. மருத்துவ உதவியாளர்கள் அவரைக் கதிரையில் வைத்துப் படிவழியே இறக்கினார்கள். பாதி வழியில் அவருக்கு மூச்சு முட்டியது. பிழைத்தது அதிர்ஷ்டம். வசந்தத்துக்குள் எலிவேற்றர் சரிவராவிட்டால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவேன் என்று மகன் சொல்லிவிட்டான்.

அன்று மாலை கட்டடத்தின் கீழ்மண்டபம் நிறைந்தது. வேலையால் வந்தவர்கள் மேலே போகவில்லை. ஒருவர் சட்டியும் அகப்பையும் கொண்டுவந்து தட்டினார். ஒன்பதாம் மாடி ஜெனனி, இங்கே பிறந்த பிள்ளை, கணினி வேலை, ஒரு கதிரையில் ஏறி நின்று பேசினாள். உடனே பொதுக்கூட்டம் வேண்டும், வாக்குச் சீட்டு வேண்டும் என்று கத்தினார்கள். தலைவருடைய வீட்டுக் கதவில் யாரோ ஒரு தாளில் இங்கே எழுத முடியாத சொல் ஒன்றை எழுதி ஒட்டிவிட்டார்கள். மாஸ்ரர் போய் அதைக் கழற்றினார்.

"கதவும் அவற்றை வீடுதான்," என்றார். "எழுதிறதை நோட்டீஸ் போர்ட்டிலை எழுதுங்கோ. உங்கடை பேரையும் போடுங்கோ."

யாரும் எழுதவில்லை.

பொதுக்கூட்டத்தில் வாக்குச் சீட்டுகளைக் கொடுக்கப் போகும் நேரத்தில் மாஸ்ரர் எழுந்தார். "ஒரு கேள்வி. தலைவர் தோத்தால் எங்கை இருப்பார்?"

"வீட்டிலை," என்று யாரோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார்.

மாஸ்ரர் சிரிக்கவில்லை. தோற்றாலும் அவருக்கு நிர்வாகக் குழுவில் ஓர் இடம் இருக்கவேண்டும், பதவி இல்லாமல், மற்றவர்களைப் போல ஒரு வாக்கோடு, அதை இப்போதே தீர்மானிக்கவேண்டும் என்றார்.

"சீரியஸ்லி மாஸ்ரர்? பன்னிரண்டு வருசம் ஒண்டும் செய்யாத ஆளை ஏன் திருப்பி வைக்கோணும்?" என்றாள் ஜெனனி.

"மாஸ்ரர் ராசான்ரை கட்சி!" என்றது பின்வரிசை.

"நாங்கள் ராசாவை இறக்கேக்கை இருக்க வீடு குடுத்தனாங்கள்," என்றார் அவர். "துரத்தியிருந்தால் வெளியிலை நிண்டு ராசாவாத்தான் இருந்திருப்பார். இப்ப அவர் பக்கத்து ஊரிலை இருக்கிற ஒரு ஆள். வரி கட்டவேணும்."

தீர்மானம் அரைமனத்தோடு நிறைவேறியது. தலைவரை எதிர்த்து நின்ற ஜெனனி வாக்கெடுப்பில் வென்றாள். தலைவர் தன் ஜக்கெற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். நாலைந்து பேர் பின்னால் போனார்கள். அவர் இருந்த கதிரையை ஒருவர் மடிக்கப் போனார், மாஸ்ரர் அப்படியே விடச் சொன்னார். அடுத்த இரண்டு குழுக் கூட்டங்களிலும் அது விரித்தபடி வெறுமையாகக் கிடந்தது.

ரொறன்ரோவில் தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்தவருக்கு அடுத்து என்ன வரும் என்பது தெரியும். எங்கள் ஆட்கள் தேர்தலில் தோற்றால் அடுத்த மாதம் போட்டிச் சங்கம் தொடங்குவார்கள். பழைய மாணவர் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், ஒரு பட்மின்ரன் கழகம்கூட இப்படி இரண்டாகப் போனதற்கு நான் விளம்பரம் போட்டிருக்கிறேன். தலைவரும் எங்கள் பத்திரிகைக் கந்தோருக்கு ஒரு விளம்பரத்தோடு வந்தார். அதே சங்கத்தின் பெயர்தான், முன்னால் 'ஐக்கிய' என்ற சொல் மட்டும் கூடுதலாக இருந்தது. விளம்பரத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் வரும் என்றேன்.

விளம்பரம் வருமுன்பே செய்தி கட்டடத்துக்குப் போய்விட்டது, ஏனென்றால் தலைவரே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். நிர்வாகக் கந்தோருக்கும் போயிருந்தது. எலிவேற்றர் பற்றிப் பேசப் போன ஜெனனியிடம், இரண்டு சங்கம் இருக்கிறதாமே, யார் உண்மையான சங்கம் என்று உங்களுக்குள் முடிவு செய்துவிட்டு வாருங்கள் என்றார்கள். கீழ்மண்டபத்தில் திரும்பவும் கூட்டம் கூடியது. இந்தமுறை தமிழர் தமிழரோடு கத்தினார்கள். வசந்தத்துக்கு அதிக நாட்கள் இருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எலிவேற்றர் மறுபடியும் நின்றது. அது அன்ரியின் சுத்திகரிப்பு நாள். இனிக் கதிரையில் ஏறமாட்டேன், பிடித்துவிட்டால் நடந்தே இறங்குவேன் என்று அவர் சொல்லியிருந்தார். எனக்கு அன்று பாடம் இருந்தது. மாஸ்ரர் என்னையும் கூட்டிக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போய்த் தலைவருடைய கதவைத் தட்டினார்.

"அண்ணை, பூமணி அன்ரியை இறக்கவேணும். எனக்கு மற்றப் பக்கம் பிடிக்க ஒராள் வேணும்."

"ஏன், உங்கடை புதுத் தலைவி வரமாட்டாவோ?"

"அவ வேலைக்குப் போட்டா. நீங்கள்தான் வீட்டிலை நிக்கிறியள்."

தலைவர் என்னைப் பார்த்தார். "இந்தப் பேப்பர்காரர் என்னத்துக்கு?"

"அவர் அன்ரியின்ரை ஹான்ட்பாக்கைக் காவிக்கொண்டு வர."

தலைவர் சப்பாத்தைப் போட்டார். அன்ரியின் கணவர் இறந்தபோது எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தவர் அவர்தான். அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது. படியேறி ஆறாம் மாடிக்கு வந்ததும் மூச்சு வாங்கினார். ஒன்பதில் படியில் குந்திவிட்டார். மாஸ்ரர் அவரை அவசரப்படுத்தவில்லை, தானும் பக்கத்தில் இருந்தார்.

அன்ரி குளிர்ச்சட்டை போட்டு ஆயத்தமாக இருந்தார். "ஆர், தலைவரோ? எந்தச் சங்கத்தாலை வாறியள்?"

தலைவர் கையை நீட்டினார். இரண்டு பக்கமும் இருவரும் பிடிக்க, அன்ரி ஒவ்வொரு படியாகக் கால்வைத்து இறங்கினார். ஒவ்வொரு மாடியிலும் நின்றோம். பதினொன்றில் அன்ரிக்குக் கதைக்க மூச்சு வந்தது.

"தம்பி, பன்னிரண்டு வருசமாத் தலைவர். உந்தப் படியை இண்டைக்குத்தான் கண்டனீர் என்ன?"

தலைவர் கீழே இன்னும் கிடந்த படிகளை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஓம் அக்கா," என்றார்.

"சரி, கையை இறுக்கிப் பிடியும். சங்கம் உடைஞ்சாலும் காரியமில்லை, என்ரை கால் உடையக்கூடாது."

முதலில் சிரித்தது தலைவர்தான்.

காரில் அன்ரி முன்னால் இருந்தார், நாங்கள் இருவரும் பின்னால். தலைவர் பெல்ற்றைப் போட்டுவிட்டு, "மாஸ்ரர், அந்தக் கதிரை இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார்.

"கிடக்கு. ஆனால் அதிலை தலைவர் எண்டு எழுதேல்லை."

பிற்பகலில் எனக்குத் தொலைபேசி வந்தது, விளம்பரம் வேண்டாம் என்று. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் விளம்பரத்தைப் போட்டேன்.

நிர்வாகக் கந்தோரோடு அடுத்த சந்திப்புக்கு நானும் போயிருந்தேன். அங்கிருந்த பெண் பழக்கத்தில் பழைய தலைவரைப் பார்த்தே பேசத் தொடங்கினார். அவர் விரலால் ஜெனனியைக் காட்டினார். "தலைவி அவ. நான் மெம்பர்." ஆனால் அந்தக் கந்தோர் பன்னிரண்டு வருடங்களாக அவர் ஒருவருடைய காதில் மட்டும் சொல்லிவந்த வாக்குறுதிகள் எல்லாவற்றையும் அவர் அன்று மேசையில் வைத்தார், எங்கள் எல்லோருடைய காதிலும் விழும்படி. ஜெனனி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக மரியாதை இருந்தது. குழுவில் எல்லோரும் கையெழுத்திட்ட முறைப்பாடு ஒரே சங்கத்தின் பெயரில் மாநகரசபைக்குப் போனது. பரிசோதகர் வந்தார். இருந்த எலிவேற்றரை உடனே திருத்தினார்கள். பூட்டிக் கிடந்ததற்குப் பதிலாகப் புதியது போட உத்தரவு வந்தது. அன்ரி ஸ்ரௌவ்விலுக்குப் போகவில்லை.

எல்லாம் இனிதாகவே இருந்தது என்று எழுதினால் அது செய்தியாகாது. பழைய தலைவர் குழுக் கூட்டங்களில் எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி கேட்டார். ஜெனனிக்குத் தலையிடி. அரசரே இருந்திருக்கலாம் போல என்று ஒருநாள் மாஸ்ரரிடம் சொன்னாள். அவருடைய நாட்டைப் பற்றி நானும் அதைத்தான் கேட்டிருக்கிறேன். அரசாங்கங்கள் வருடம் ஒன்று நிலைப்பதில்லை, பிள்ளைகள் வேலை தேடி வளைகுடாவுக்குப் போகிறார்கள், நீங்களே இங்கே கார் பழக்குகிறீர்கள், பல் போனதுதான் மிச்சமா?

"முந்திப் பிழை நடந்தால் மழை மாதிரி. ஆரைக் கேக்கிறது?" என்றார். "இப்ப பிழை விட்டவன்ரை பேர் தெரியும். அடுத்தமுறை போடாமல் விடலாம். அது சின்ன விசயமில்லை அண்ணை."

அவர் பின்னர் ஒஷாவாவுக்கு வீடு மாறிப் போனார். போன இலையுதிர் காலத்தில் நேபாளத்தில் இளையவர்கள் தெருவுக்கு வந்து ஓர் அரசாங்கத்தையே விழுத்தினார்கள், பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது என்ற செய்தியைப் பார்த்ததும் அவரை அழைத்தேன். மறுமுனையில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அவர் பல்லைத் தள்ளி இழுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"பிள்ளையள் கேட்டது சரி," என்றார். "சுட்டது பிழை. எரிச்சதும் பிழை. இனி எங்கை கூடியிருந்து கதைக்கிறது?" பிறகு அவரே, "தேர்தல் வைக்கினமாம். கட்டடம் கட்டலாம். மரத்துக்குக் கீழை எண்டாலும் முதல் கூடி இருக்கவேணும்," என்றார். குரலில் இருந்தது சோர்வல்ல. ஒரு வேலையைத் தொடங்குமுன் சட்டைக் கையைச் சுருட்டுபவரின் குரல்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது புதிய எலிவேற்றர் ஓடத் தொடங்கிய காலை. கீழ்மண்டபத்தில் பெரிய கூட்டம். பூமணி அன்ரி கீழே வந்தார், இறங்கவில்லை, திரும்ப மேலே போனார், திரும்பவும் வந்தார். "இன்னொருக்கால் போட்டு வாறன்," என்றார். மற்றவர்களும் ஏறினார்கள். பழைய தலைவரும் உள்ளே நுழைந்து இரண்டாம் இலக்கத்தை அழுத்தினார்.

"ரெண்டாம் மாடிக்கு எலிவேற்றரோ? நடந்து போங்கோவன்!" என்றாள் ஜெனனி.

"ஏன், என்ரை கையெழுத்தும் உதிலை இருக்கு," என்றார் அவர்.

உள்ளே இனி ஒருவருக்குத்தான் இடம் இருந்தது. மாஸ்ரர் என்னை உள்ளே தள்ளிவிட்டு, அடுத்ததற்கு வெளியே நின்றார்.